கிளினிக் நாளுக்கு முந்திய பட்டினி

1

போன மாதம் என் மகள் ரேணுகாவுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது. இந்த நாட்டில் பன்னிரண்டு முடிந்தால் அடையாளக் கார்டு எடுத்தாக வேண்டும். பள்ளிக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு அவளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறப்புப் பத்திரத்துக்கு நகல் வேண்டும் என்றார்கள், எடுத்து வந்தேன். நகலில் முத்திரை வேண்டும் என்றார்கள், அதற்கு இன்னொரு கவுண்டர். பினாங்குக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. என் மலாய் மீன் வாங்கப் போதும், கவுண்டருக்குப் போதாது. விண்ணப்பப் பாரத்தை என் கையிலிருந்து பிடுங்கி ரேணுகாவே நிரப்பினாள்.

கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல், "அனாக் கெ பெராப்பா?" என்று கேட்டாள். எத்தனையாவது பிள்ளை என்று கேட்கிறாள். நான் யோசிக்காமல் "கெடுவா" என்றேன். இரண்டாவது.

ரேணுகா என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "என்னா லா மா நீங்க. நான் ஒரே ஆளுதானே. ஒண்ணு ரெண்டு கூடவா மலாய்ல தெரியாது?" கவுண்டர் பெண்ணிடம் மலாயில் ஏதோ கடகடவென்று சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். முதல் பிள்ளை என்று எழுதிக்கொண்டார்கள்.

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே அறைந்துகொண்டிருக்க வேண்டும். எனக்கு மலாயில் ஒன்று இரண்டு நன்றாகவே தெரியும்.

2

ஊரில் பினாங்கு என்றால் உங்களுக்குத் தைப்பூசமும் தண்ணீர்மலைக் காவடியும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கின் மர பெஞ்சுதான் ஞாபகத்துக்கு வருகிறது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எண்பதில் கல்யாணமாகி வந்தேன். அவர் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர். ஆறாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவரும் நானும் அத்தையும் இருந்தோம். அத்தை என்றால் மாமியார்.

எண்பத்திரண்டில் முதல் தடவை உண்டானேன். ஏழாம் மாதம் தொடங்கிய சமயம் கிளினிக்கில் ஒரு தம்ளர் இனிப்புத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் போனபோது தனம் மிஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இங்கே நர்ஸை மிஸி என்றுதான் சொல்வார்கள். தனம் மிஸி சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவள், என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூத்தவள்.

"சாந்தி, ஒனக்கு இனிப்பு நீர் இருக்கு மா" என்றாள்.

போன வாரம் குடித்த தண்ணீரைச் சொல்கிறாள் என்று நினைத்து, "ஆமா மிஸி, குடிச்சேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஊரில் சர்க்கரை வியாதி என்கிறோமே, அதற்கு இங்கே இனிப்பு நீர் என்று பெயர்.

"பயப்படாத. புள்ளத்தாச்சிக்கு மட்டும் வர்றது. பெத்ததும் பெரும்பாலும் போயிரும். ஆனா இப்ப கட்டுப்பாட்டுல வைக்கலன்னா வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆபத்து. சாப்பாட்டுலயே சரி பண்ணிப் பாப்போம். அடங்கலன்னா வார்டுல படுக்க வச்சி ஊசி போடணும்."

பிறகு விரல் விட்டுச் சொன்னாள். வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் சோறு, அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது. தட்டில் பாதி காய், கீரை. மீனோ முட்டையோ பருப்போ கட்டாயம். கோப்பியில் டின்பால் கூடாது. பலகாரம் பக்கமே போகக் கூடாது. ஒரே மூச்சில் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் அரை மணி நேரம் நடை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் ஒன்று, பசியாறி இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. அந்த அளவுகளை என் கார்டில் எழுதுவாள்.

"பட்டினி மட்டும் கெடக்காத. சர்க்கரைய கொறைக்கிறேன்னு சில பேரு அதான் செய்வாங்க. அது இன்னும் கெடுதல்" என்றாள். "வீட்டுல சொல்லிரு. ஒங்க அத்தைகிட்ட நான் வேணும்னா பேசவா?"

"வேணாம் மிஸி. நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

3

சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை.

காரணத்தை எழுதுகிறேன், இந்தக் குறிப்புகளை என் தங்கை வசந்தா படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. இடது காலில் இரண்டு விரல் எடுத்தாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாடு மிதித்துவிட்டது என்று சொல்லி வைத்தார்கள். அந்தப் பொய்யில்தான் என் கல்யாணம் நடந்தது. அடுத்து வசந்தாவை அத்தையின் அண்ணன் மகனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய முடிந்த மாதிரி. இந்த நேரத்தில் எனக்குச் சர்க்கரை என்றால் அப்பாவின் கால் வெளியே வரும், பேச்சு முறியும். அப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. நீல நிறத் தாளில் நான்கே வரி. யாரிடமும் மூச்சு விடாதே, வசந்தாவை நினைத்துக்கொள், எல்லாப் பெண்களும் பெறவில்லையா, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள். அம்மா மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்த நாலு வரிக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன் என்பதும் நிஜம்.

4

மாமியார் கொடுமை பற்றி எழுதுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அத்தைக்கு என் மேல் அவ்வளவு பிரியம். அதுதான் பெரிய தொல்லையாகப் போனது. தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, நெய் ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். "ரெண்டு உசுருக்குச் சாப்புடு மா. அம்மா வீட்டுல இருந்தா இப்புடிக் கொறிப்பியா? நாளைக்கு ஒங்க அம்மா என்னைய கேக்க மாட்டாங்களா?" நான் கிண்ணத்தைத் தேடினால், ஊர் ஞாபகத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று கண் கலங்குவார்.

நடையை மட்டும் எப்படியோ சாதித்துக்கொண்டேன். நடந்தால் பிரசவம் சுலபமாகும் என்று மிஸி சொன்னதாகச் சொன்னேன். அத்தை ஒத்துக்கொண்டார். மூன்று வேளையும் மாடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் என்னைத் தண்ணீர்மலை ரோட்டுப் பக்கம் அழைத்துப் போவார். மரத்தடியில் மெதுவாக நடப்போம். அவரிடம் அப்போது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் வாய் வரைக்கும் வந்தது.

எங்கள் மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. ஏழாம் மாதம் ஆன பெண்ணை ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போடுவார்கள். தாய் வீடு பக்கத்தில் இல்லாதவளுக்கு அது ரொம்ப விசேஷம். பதினோரு தமிழ்க் குடும்பங்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் வேண்டாம் என்றால் பெரிய மனத்தாங்கலாகிவிடும். பாயசம், கேசரி, தேங்காய்ப் பாலில் வேகவைத்த கறுப்புப் புளுட் என்கிற ஒட்டரிசிக் கஞ்சி. பிறகு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு, ஐந்து வகைச் சோறு, அதில் சர்க்கரைப் பொங்கலை ஐந்து பெண்கள் ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். எனக்கும் பிடித்திருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் யாரும் எனக்கு ஊட்டியதில்லை.

இத்தனை தின்றும் என் கார்டில் அளவெல்லாம் சரியாகவே இருந்தது. எப்படி என்று கேட்பீர்கள். கிளினிக் நாளுக்கு முந்திய நாள் மத்தியானத்திலிருந்து நான் பட்டினி கிடந்தேன். வயிறு பொருமுகிறது என்று அத்தையிடம் சொல்லிவிடுவேன். ரசத்தை மட்டும் இரண்டு வாய் குடிப்பேன். காலையில் வெறும் வயிற்று ரத்தம் கொடுத்துவிட்டு, பசியாறச் சொல்லி அனுப்பினால், கீழே கடையில் சீனி போடாத கோப்பி ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரமும் கிளினிக்கைச் சுற்றி நடப்பேன். தலை சுற்றும். வயிற்றில் குழந்தை உதைப்பது கூடக் குறைந்த மாதிரி இருக்கும்.

"என்னா பசியாறுன?"

"ரெண்டு துண்டு ரொட்டி, ஒரு முட்டை மிஸி."

மத்தியானம் முடிவு வந்ததும் தனம் மிஸி கார்டில் எழுதி, "பலே, கார்டு நல்லாருக்கு. எல்லாரும் ஒன்ன மாதிரி சொன்ன பேச்சு கேட்டா எனக்கு வேலையே இல்ல" என்பாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பேன். பள்ளிக்கூடத்தில் கூட இவ்வளவு நல்ல பேர் வாங்கியதில்லை. வெளியே வந்ததும் பசி தாங்காமல் இரண்டு பரோட்டா சாப்பிடுவேன். இப்படி ஐந்து தடவை. இதை என்னுடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன் பாருங்கள்.

ஒன்பதாம் மாதம் நடுவில் வசந்தாவின் கல்யாணம் ஊரில் நல்லபடியாக முடிந்தது என்று தந்தி வந்தது.

5

தந்தி வந்து ஒன்பதாம் நாள் குழந்தை அசையவில்லை. காலையில் தூங்குகிறது என்று நினைத்தேன். மத்தியானம் குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வயிற்றில் குழலை வைத்து, இடம் மாற்றி, இடம் மாற்றி, வெகு நேரம் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

பையன். நாலு கிலோவுக்கு மேல். பெரிய, கொழுகொழுவென்ற பையன், தன் அப்பா மாதிரியே அகல நெற்றி. ஒரு நிமிடம் காட்டினார்கள். காரணம் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சர்க்கரையாக இருக்கலாம், ஆனால் கார்டில் அளவெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பிறக்கும் முன்பே போன பிள்ளைக்கு நம்மில் திதி இல்லை, பெயர் இல்லை, படம் இல்லை. அத்தை வீட்டில் இருந்த குழந்தைத் துணிகளை யாருக்கோ கொடுத்துவிட்டார். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அன்போடு செய்த ஏற்பாடு.

பத்தாம் நாள் தனம் மிஸி வீட்டுக்கு வந்தாள். பிரசவமான பெண்களை வீடு தேடி வந்து பார்ப்பது அவர்கள் வேலை. பிள்ளை இல்லாத வீட்டுக்கும் வந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யூனிபார்மோடு ஒரு மிஸி அழுது நான் பார்த்ததில்லை. "கார்டு நல்லாருக்குன்னு நம்பிட்டேன் மா. ஒரு நாள் வார்டுல வச்சி நாலு வேளையும் ரத்தம் பாத்திருக்கணும். எம்மேலதான் தப்பு. என்னைய மன்னிச்சிரு" என்றாள்.

இனிப்பு நீர் என்ற பேச்சை அத்தை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டார். வாசலில் அப்படியே நின்றார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். மிஸி, உங்கள் தப்பு இல்லை, நான் உங்களை ஏமாற்றினேன் என்று ஒரு வாக்கியம். சொல்லவில்லை. அவள் பழியை ஏற்றுக்கொண்டது எனக்கு, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவள் போனபிறகு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருந்தா நான் ஒன்னைய என்ன பண்ணியிருப்பேன்? எங்க அப்பாவும் இனிப்பு நீருலதான் போனாரு" என்றார்.

6

இரண்டு வருடம் கழித்து ரேணுகா வந்தாள். மறுபடி சர்க்கரை இருந்தது. இந்தத் தடவை அத்தை சமையலறையையே மாற்றினார். பாசார் என்கிற சந்தையிலிருந்து கீரை, பாகற்காய், சின்ன மீன். வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு கிண்ணம், அத்தைக்கும் என் வீட்டுக்காரருக்கும் கூட. பலகாரத்தோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "மருமகளுக்கு இனிப்பு நீர், மிஸி வேணாண்ணு சொல்லிட்டாங்க" என்று ஆறாவது மாடி முழுக்கக் கேட்கும்படி சொல்வார். நான் எதற்குப் பயந்து செத்தேனோ அதை அவர் பலகாரக்காரியிடம் கூடச் சொன்னார். வசந்தாவை யாரும் திருப்பி அனுப்பவில்லை. சாப்பிட்டதும் என்னோடு கூடவே நடந்தார், மூட்டுவலியோடு. ஊசி போடாமலே அளவு அடங்கியது. ரேணுகா மூன்று கிலோ, வீறிட்டு அழுதுகொண்டு பிறந்தாள். இவ்வளவு எளிது. ஒரு கிண்ணமும் ஒரு நடையும் உண்மை பேசுகிற வாயும் போதுமாக இருந்தது. அதை நினைக்கும்போதுதான் முதல் பிள்ளைக்காக அதிகமாக அழுகிறேன்.

அந்த ஒன்பது மாதமும் தனம் மிஸி என்னை நம்பவில்லை, தன்னையும் நம்பவில்லை. மூன்று தடவை வார்டில் படுக்க வைத்து ரத்தம் எடுத்தாள். நான் அப்போதும் சொல்லவில்லை. அத்தை போய் நான்கு வருடமாகிறது, அவரிடமும் பட்டினியைப் பற்றிச் சொல்லவில்லை.

7

பதிவு அலுவலகத்திலிருந்து வந்த அன்று மாலை ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தமிழ் வாசிக்க மாட்டாள், வீட்டில் பாதி நேரம் எனக்குப் புரியாத பாஷையில்தான் போனில் பேசுகிறாள், நான் வாய் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "அந்த மிஸிக்கு நீங்க சாரி சொல்லலியா?" என்றாள்.

"இல்ல."

"அவங்க இன்னும் அவங்க தப்புன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்களா? தட்ஸ் நாட் ஃபேர் லா மா."

கிளினிக்கில் விசாரித்தேன். மிஸி ஓய்வு பெற்று சுங்கை பாக்காப்பில் தம்பி வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். சனிக்கிழமை ரேணுகாவும் நானும் ஃபெரியில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். மிஸிக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். ரேணுகாவின் கன்னத்தைத் தடவினாள். கோப்பி கலக்கப் போனவளை உட்கார வைத்து, சொல்லிவிட்டேன். முந்திய நாள் பட்டினி, ரொட்டி முட்டை என்று சொன்ன பொய், ஐந்து தடவையும், எல்லாம்.

மிஸி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தெரியும் மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மூத்திரத்துல ஒரு குச்சிய நனைச்சிப் பாப்போம்ல. பட்டினி கெடந்தா அது ஊதாவா மாறிரும். ஒனக்கு மூணு தடவ மாறிச்சி. ரொட்டி சாப்புட்டேன்னு நீ சொல்லும்போதே எனக்குத் தெரியும். வெளிய அறுவது எழுவது பேரு ஒக்காந்திருந்தாங்க. ஒன்னைய கூப்புட்டு வச்சிக் கேக்கணும்னா அரை மணி நேரமாவும். கார்டு நல்லாருக்குன்னு சொன்னதும் நீ சிரிப்ப பாரு, அதைப் பாத்துட்டு, சரி, அடுத்த வாட்டி கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன். மூணு வாட்டியும் அப்புடித்தான் விட்டேன்."

ரேணுகா என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

"அன்னைக்கி ஒன் வீட்டுக்கு வந்து அழுதேன்ல" என்றாள் மிஸி. "நீ ஏதாச்சும் சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். நீ சொல்லல. சரி, எனக்குத் தெரியும்ங்கறது ஒனக்குத் தெரியாது போலருக்குன்னு நானும் எந்திரிச்சி வந்துட்டேன்."

அதற்குப் பிறகு இருவரும் அழுதோம். அவள் கலக்கிய கோப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

திரும்பும்போது ஃபெரியில் ரேணுகா கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் சாரி சொல்லிக்கிட்டீங்க. அண்ணன்கிட்ட யாரு சொல்றது?"

அந்தப் பையனை யாரும் எந்த உறவும் சொல்லி அழைத்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன், பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக. "அவன எந்த எடத்துல வச்சீங்க? ரேணுகா பாக்கணுங்கறா."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான் இடுகாட்டு வாசல்லயே நின்னுட்டேன் சாந்தி. உள்ள போவ முடியல. எங்க சித்தப்பாதான் அவன உள்ள தூக்கிட்டுப் போனாரு" என்றார். "அவரு உசுரோட இருந்த வரைக்கும் எந்த எடம்னு நான் கேக்கல."